உருகுனா போதுமாலே, பேராண்டி?

ஏலே பேராண்டி, மட்டப்பாவுக்கு அடியில மெழுகுப் பலகை பதிக்கப் போறியாமே! பகல் சூட்ட அது முழுங்கிக்கிடுமாம், வீடு குளுகுளுன்னு இருக்குமாம். அதுக்கு நிலைமாற்றப் பொருள்னு பேரு வேற. நல்லா இருக்குலே. நானும் ஒங்க ஆச்சியும் அறுபது வருசமா வீட்டுல வச்சிருக்கோம், பேருதான் தெரியாமப் போச்சு.

மாடத்துல தேங்கா எண்ணெய் இருக்குல்லா? மார்கழி விடியக்காலத்துல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். ஆச்சி ஈர்க்குச்சிய விட்டுக் குடைவா, ஒரு சொட்டு வராது. அப்புறம் திண்ணை வெயில்ல கொண்டு வைப்பா. 24 டிகிரி வாக்குல உருக ஆரம்பிக்கும். உருகி முடியுற மட்டும் வெயில வாங்கிக்கிட்டே இருக்கும், சூடு ஏறுனாப்ல காட்டாது. ஒங்க சித்தப்பன் கல்யாணப் பந்தியில உக்காந்த மாதிரிதான். போட்டதெல்லாம் உள்ள போகும், வயிறு வெளிய தெரியாது.

அந்தக் கமுக்கத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம்னு பேரு. ஒரு கிலோ பனிக்கட்டி பூச்சியம் டிகிரியிலயே தண்ணியா மாற 334 கிலோஜூல் முழுங்கும். அதே சூட்ட அந்தத் தண்ணிக்குக் குடுத்துப் பாரு, 80 டிகிரிக்கு ஏறிரும். கைய வைக்க முடியாது.

சரி, ஒன் மெழுகு எத்தனையில உருகும்? 28ஆ? பலே! சித்திரை மாசம் நடுச்சாமத்துல மட்டப்பாவத் தொட்டுப் பாத்திருக்கியா? தோசைக்கல்லு தோத்துப் போகும். ராத்திரி உறையாத மெழுகு மறுநாள் எந்தச் சூட்டலே முழுங்கும்? முதப் பந்தியில தின்னவன அடுத்த பந்தியிலயும் உக்கார வச்ச கதைதான்.

இப்படித்தான் அமெரிக்காவுல டோவர்ங்கிற ஊர்ல 1948ல மரியா டெல்கெஷ்னு ஒரு விஞ்ஞானி, வெயில்லயே குளிர்காய ஒரு வீடு கட்டுனாங்க. டப்பா டப்பாவா கிளாபர் உப்பு. 32 டிகிரியில உருகும். பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி உறையும்போது கக்கும். ரெண்டு குளிர்காலம் ஜோரா ஓடுச்சு. போகப் போக உப்பு அடியில தங்கி, அதுல இருந்த தண்ணி மேல பிரிஞ்சு, ரெண்டும் ஒட்டவே இல்ல. வாங்கத் தெரிஞ்சுது, திருப்பிக் குடுக்கத்தான் மறந்து போச்சு. நம்ம ஊர்ல இதுக்கு உப்பே வேண்டாம், சொந்தக்காரனே போதும்.

அதனால மெழுகுக்கு முன்னாடி ஒரு தெர்மாமீட்டர் வாங்கு. பகல் சூட்டுக்குக் கீழயும் ராத்திரி சூட்டுக்கு மேலயும் உருகுறதாப் பாத்துத் தேடு. அதுக்குப் பதினஞ்சு ராத்திரி என்கூட மட்டப்பாவுல படுத்து, மணிக்கு ஒருக்கா எழுதிக்கோ. எனக்கும் வெத்தலை இடிச்சுத் தர ஆளாச்சுல்லா?