பிளக் பாயிண்ட் எங்கே இருக்கு?

என்னுடையது பெயருக்குத்தான் செல்போன். சுவரை விட்டு நகர்த்தினால் பிழைக்காது. அந்தக் காலத்துக் கறுப்புத் தொலைபேசிக்காவது சுருள் ஒயர் இருந்தது. ரிசீவரை இழுத்துக்கொண்டு அடுக்களை வாசல்வரை போய்க் குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கலாம். என் சார்ஜர் ஒயர் அதைவிடக் குட்டை. குனிந்தபடியேதான் பேசுகிறேன். பேச்சு கொஞ்சம் நீண்டால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் அலுவலக மேலாளரிடம் நான் காட்டும் பணிவுக்குக் காரணம் இதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

காலையில் எடுக்கும்போது 100 சதவீதம். பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் 91. அதன்பிறகு 38 வரை மரியாதையாகப் படிப்படியாக இறங்கும். 38க்கு அடுத்த எண் பூஜ்யம். மறுபடி சார்ஜரில் சொருகினால், ஒன்றுமே நடக்காத மாதிரி 31 என்று காட்டிக்கொண்டு எழுந்து உட்காரும். இது என்ன கணக்கு என்று விசாரித்துப் பார்த்தேன். பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று போனுக்கே நிச்சயமாகத் தெரியாதாம். வோல்டேஜையும் போய்வந்த மின்னோட்டத்தையும் வைத்து ஒரு குத்துமதிப்பு. லித்தியம் பேட்டரியில் வோல்டேஜ் நெடுநேரம் பெரிதாக இறங்காது. கடைசியில் தொபுக்கென்று விழும். பேட்டரிக்கு வயதானால் உள் தடையும் கூடிவிடும். கேமராவைத் திறந்தால், அது கேட்கிற மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் படுத்துவிடும், போனும் அணைந்துவிடும். அதனால்தான் கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் பார்த்து என் போன் கண்ணை மூடுகிறது. அதற்கு அபசகுனம் என்று பெயர் வைத்த பெரியப்பாவுக்கு உள் தடையைப் பற்றி விளக்கப் போய் நாதஸ்வரச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. நல்லவேளை.

பேட்டரி சரியில்லை என்று வெளியே சொல்லக் கூடாது. சர்க்கரை வியாதிக்கு அடுத்தபடியாக எல்லோரிடமும் வைத்தியம் இருக்கிறது. "முழுசா இறங்கவிட்டு அப்புறம் போடுங்க" என்பார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான பத்தியம். லித்தியத்துக்கு நேர்மாறு, அடியோடு வற்றவிடுவதுதான் ஆகாது. "பின்னால ஓடுற ஆப்பை எல்லாம் தள்ளி விடு" என்பான் மச்சினன். தள்ளித் தள்ளி என் கட்டைவிரல்தான் தேய்ந்தது. தள்ளிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குக் கூடுதலாகத்தான் செலவாகும். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு படி மேலே போய், டிரான்சிஸ்டர் கட்டையை வெயிலில் வைத்த அனுபவத்தில் போனையும் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் காயவைக்கச் சொன்னார். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். சென்னை மே மாதத்தில் அதைத் தனியாக மாடிக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

இந்த லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர். அந்த வயதிலும் பேட்டரி ஆராய்ச்சியை விடவில்லை. அவருக்கு நின்ற சார்ஜில் கால்வாசி என் போனுக்கு நின்றிருக்கலாம்.

விஞ்ஞானிகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2003இல் வந்த நோக்கியா 1100இல் இருந்தது 850 எம்.ஏ.எச். பேட்டரி. இன்றைக்கு 5,000 என்பது சர்வ சாதாரணம். ஏறக்குறைய ஆறு மடங்கு! சம்பளம் ஆறு மடங்கு ஆன வீட்டில் மாதக் கடைசி 12ஆம் தேதியே வந்துவிடுவதைப் போலத்தான் இதுவும். அந்த நோக்கியாவுக்கு இருந்த ஆடம்பரம் ஒரு டார்ச்சும் ஒரு பாம்பு விளையாட்டும். என் போனோ, நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று பார்க்கிறது, யாரோ போட்ட காலை வணக்கம் ரோஜாப்பூவை இறக்குகிறது, நான் வாங்காமல் விட்டுவந்த பிரஷர் குக்கரை ஞாபகப்படுத்துகிறது. இத்தனையும் சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போது.

என் மாமியார் இன்னும் பட்டன் போன்தான். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற கையோடு சார்ஜிலும் போட்டுவிடுவார். மற்றபடி அது கட்டிலடியில் கிடக்கும். என் போன் தலையைத் தொங்கப்போடும்போதெல்லாம் அவர் தம்முடையதை எடுத்து, மூன்று கோட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் வைப்பார். சொன்னாலாவது பதில் பேசலாம். ஹாலில் எங்கள் இருவருக்கும் ஒரு எல்லைத் தகராறும் உண்டு. அங்கே இருப்பது இரண்டே பிளக். ஒன்று டி.வி.க்கு, இன்னொன்று செட்டாப் பாக்ஸுக்கு. ஜங்ஷன் பாக்ஸ் வாங்கினோமே என்றால், அது மகனுடைய லேப்டாப்போடு அவன் அறைக்குக் குடிபோய் வெகுநாளாகிறது. ஆகவே நான் சார்ஜ் போட வேண்டுமானால் ஒரு சீரியல் நிற்க வேண்டும்.

இதனாலெல்லாம் எனக்கு ஒரு புதுப் பார்வை வாய்த்திருக்கிறது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தெரிவது பிளக் பாயிண்ட்தான். சித்தப்பா புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார். தேக்கு நிலைக்கதவைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, "கட்டில் பக்கத்துல ரெண்டு பாயிண்ட் வச்சிருக்கீங்களே, அதுதான் வீடு" என்று நான் சொன்னதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் இருக்கிற பாயிண்ட் எல்லாம் சீரியல் லைட்காரர் வசம். மிச்சம் ஒன்று கை கழுவும் இடத்துக்கு அருகே இருக்கும். அங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற நாலு பேரும் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று விசாரித்துக்கொள்வதில்லை. "உங்களது எவ்வளவு?" "பன்னெண்டு." "பாவம், நீங்க முதல்ல போடுங்க." இவ்வளவு பெருந்தன்மையைப் பந்தியில் நான் பார்த்ததில்லை.

ரயிலில் இது செல்லாது. நெல்லைக்குப் போகும் இரவு ரயிலில் டிக்கெட் போனில், ஆதார் போனில், காபிக்குக் காசும் போனில். ஊர் தாண்டி டவர் கிடைக்காத வெட்டவெளிகளில் போன் தன் முழு சக்தியையும் கொட்டி டவரைத் தேடும். ஜன்னலோரப் பாயிண்ட்டைப் பிடித்தவர் அதை விடமாட்டார். அவர் தூங்கும்வரை காத்திருந்து மெல்லச் சொருகினால், சார்ஜ் ஏறாது. தீ விபத்தைத் தடுப்பதற்காக இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை ரயில்களில் சார்ஜிங் பாயிண்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் மணி 11:02.

பவர் பேங்க் வாங்கினேன். 10,000 என்று முகப்பில் கொட்டை எழுத்து. பின்பக்கம், எறும்பு படிக்கிற அளவில், போனுக்குக் கிடைப்பது 6,000 சொச்சம் என்று இருந்தது. உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட், மாற்றும் வழியில் சேதாரம். நகைக்கடைக்காரராவது சேதாரத்தை வாய்விட்டுச் சொல்லுவார். அதையும் சார்ஜ் போட வேண்டும் என்பதால், நிற்க வேண்டிய சீரியல் இரண்டாயிற்று.

கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பையன் போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த மாடலுக்குக் கம்பெனிப் பேட்டரி வர்றதில்ல சார். ஒரிஜினல் இருக்கு."

"கம்பெனிது இல்லாம எப்படிப்பா ஒரிஜினல்?"

"இது ஒரிஜினல் டூப்ளிகேட் சார். டூப்ளிகேட்ல டூப்ளிகேட்டும் இருக்கு. அது உங்களுக்கு வேணாம்."

என் மேல் அவன் வைத்த மதிப்பு புல்லரிக்க வைத்தாலும், வீட்டுக்கு வந்து புதுப் போனுக்கு எக்ஸ்சேஞ்ச் போட்டேன். பழையதை வாங்கிக்கொள்ள வருகிறவர் அது ஓடுகிறதா என்று சோதிப்பார், அப்போது உயிரோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மனைவி மேற்பார்வையில் அதை முந்தின நாள் இரவு முழுக்கச் சார்ஜில் போட்டு, மறுநாள் யாரும் தொடாமல் பூஜை அறையில் வைத்திருந்தோம்.

மத்தியானம் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், சட்டை முழுக்க வியர்வை. என் போன் 74 காட்டியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் தம் போனை எடுத்துச் சோதனையைத் தொடங்கப் போனார். திரை கறுத்துவிட்டது. காலையிலிருந்து வண்டி ஹேண்டில்பாரில், உச்சி வெயிலில், முழு வெளிச்சத்தில், மேப் ஓடியபடியே இருந்த போன். புலம்புகிற தகுதி உண்மையில் இவருக்குத்தான் உண்டு, அவரோ கூச்சத்தோடு கேட்டார்: "சார், டைப்-சி சார்ஜர் இருக்குமா?"

செட்டாப் பாக்ஸைப் பிடுங்கினேன். கதாநாயகி எதையோ கண்டுபிடித்த நேரம்.

"மாப்பிள்ளை, அந்தத் தம்பிக்கு மோர் குடுங்க" என்றார் மாமியார். "அப்படியே, எத்தனை சதவீதம் ஏறினா சீரியல் வரும்னும் கேட்டுச் சொல்லுங்க."