பதினாலு மட்டையும் ஒரு தோளும்

பெறுநர்: ஆர் அண்ட் ஏ, சென்ட் ஆண்ட்ரூஸ், ஸ்கொட்லாந்து.
அனுப்புநர்: பை தைப்பவன், கடைத்தெரு, திருகோணமலை.
விடயம்: வெயில் காலத்துக் கோல்ப் பையின் பாரத்தை விதிக்குள் கொண்டுவருதல் தொடர்பானது.

கனம் ஐயா, அம்மா,

இந்த விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுகிறேன். விதிப்புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்கள் எங்களைக் கேட்கவில்லை. ஆகையால் இதை ஒரு குறையாக எடுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உள்ளூரில் அலுவலகங்கள் இருக்கக் கடல் கடந்து எழுதுவானேன் என்று கேட்கலாம். கோல்ப் விதிகளில் அமெரிக்காவும் மெக்சிகோவும் நீங்கலாக மிச்ச உலகமெல்லாம் உங்கள் ஆளுகை. திருகோணமலையை ஆண்டவர்களின் பட்டியல் ஏற்கனவே நீளமானது: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், நடுவில் 1782இல் வந்துபோன பிரெஞ்சுக்காரர், கடைசியாக ஆங்கிலேயர். அவர்களும் 1957இல் கடற்படைத் தளத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் கையளித்துவிட்டுப் புறப்பட்டார்கள். நீங்கள் மட்டும் புறப்படவில்லை. அதே சீனக்குடாவில் எங்கள் விமானப்படை இன்று ஈகிள்ஸ் கோல்ப் லிங்ஸ் என்ற திடலை நடத்துகிறது. அங்கே உருளும் பந்து உங்கள் சட்டப்படிதான் உருள வேண்டும். ஆக, நானும் உங்கள் குடிமகன். குடிமகனுக்கு மனு எழுதும் உரிமை உண்டு.

நான் கோல்ப் விளையாடியதில்லை. பள்ளிக்கூடப் பைக்குச் சிப் மாற்றுவது, வள்ளத்து எஞ்சினுக்கு உறை தைப்பது, ஆட்டோவுக்குத் திரை போடுவது என் தொழில். பையைப் பற்றிப் பேச இந்தத் தகுதி போதும். விளையாடுகிறவருக்குப் பையின் வெளிப்பக்கம்தான் தெரியும். உள்தையல் எனக்குத்தான் தெரியும்.

வைகாசி பிறந்தால் இங்கே கச்சான் வீசத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, கொண்டுவந்த மழையை மலையகத்துக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கும். இறங்க இறங்கச் சூடேறும். ஆவணி வரைக்கும் பகலில் 35 பாகைக்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கும் வெயில். உங்கள் ஊரில் ஆடி மாதத்து மத்தியானம் 20 பாகையைத் தொட்டால் அதைக் கோடை என்று கொண்டாடுவீர்கள். உங்கள் ஆட்களுக்கு இது தெரியாமலும் இல்லை. 1889இல் இந்தத் தீவில் கிளப் கட்டக் குளிர்ந்த இடம் தேடி நுவரெலியாவுக்கு ஏறியவர்கள்தானே! மட்டையோடு ஸ்வெட்டரும் சேர்ந்து வந்த விளையாட்டு இது.

அப்படியொரு கச்சான் நாளில், கொழும்பிலிருந்து குளிரூட்டிய வானில் வந்த ஒரு கனவான் என் கடையில் ஒரு கோல்ப் பையை இறக்கினார். இறக்கியது அவர் அல்ல, சாரதி. "சிப் இறுகிப் போச்சு, மாத்தித் தர ஏலுமா?" என்று கேட்டார். மட்டைகளோடேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கறுப்பு நிறம். போட்டிக்காரர்கள் தொலைக்காட்சியில் வைத்திருக்கும் பெரிய சாதி. அடியில் கால் இல்லை. என்னிடம் மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று இருக்கிறது. கொட்பேயில் வள்ளக்காரர் ஒருவர் கூலிக்குப் பதிலாகத் தந்தது. ஆசைக்கு அதில் மாட்டிப் பார்த்தேன். முள் 16 கிலோவைத் தாண்டிப்போய் நின்றது. வெறும் பை மட்டும் 5 கிலோவுக்குக் கிட்ட. பதினாலு மட்டையும் சேர்ந்து ஒரு 6 கிலோ. மிச்சம் பந்து, தண்ணீர்ப் போத்தல், குடை, மாற்றுச் சப்பாத்து, மழைக்கோட்டு. மழைக்கோட்டு! ஆனி மாதத்துத் திருகோணமலையில்! எங்கள் மழை ஐப்பசியில்தான் வரும் என்று அந்தப் பைக்கு யாரும் சொல்லவில்லைப் போலும்.

சிப்பின் ஓடி பச்சை பிடித்துக் கல்லாக இறுகியிருந்தது. உப்புக் காற்றுள்ள ஊருக்கு உலோகச் சிப் போட்ட பை வாங்கினால் அது பூட்டு வாங்கின மாதிரி. பிளாஸ்டிக் சுருள் சிப்தான் இங்கே ஓடும். உள்பக்கத்துப் பூச்சும் உரிந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மழையைத் தடுக்கத்தான் அந்தப் பொலியுரதேன் பூச்சை அடிக்கிறார்கள். வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்தால் அது தானாகவே கரைந்துபோகும். காலுள்ள பை என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அலுமினியக் காலில் இரும்புத் திருகாணி முறுக்கியிருந்தால் உப்பில் இரும்பு அலுமினியத்தைத் தின்னும். இதெல்லாம் எந்த விளம்பரத்திலும் வராது. அங்கே வருவது, எத்தனை பொக்கட், என்ன நிறம், கையுறையை எங்கே தொங்கவிடலாம்.

நான் உங்களுக்கு எழுதக் காரணமானது சிப் அல்ல, தோள்பட்டி. பட்டியின் உள்பக்கம், தோளில் படும் மெத்தை, முழுக்க வெள்ளை பூத்திருந்தது. வியர்வை காய்ந்து, திரும்ப ஊறி, திரும்பக் காய்ந்து, வரி வரியாகப் படிந்த உப்பு. தையலுக்குள்ளும் இறங்கி நூலை மொறுமொறுப்பாக்கியிருந்தது. கனவான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவருடைய சட்டைத் தோளைப் பார்த்தேன். இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

அந்தப் பை எந்தெந்தத் திடலுக்குப் போய்வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் பையைத் தெரிந்தெடுத்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர் என்று பட்டியே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. பதினெட்டுக் குழியையும் நடந்து முடிக்க 8 முதல் 10 கிலோமீற்றர் ஆகும். அவ்வளவு தூரமும், கச்சானில், ஒற்றைப் பட்டியில், அடுத்தவருடைய மழைக்கோட்டு.

இந்த இடத்தில் உங்கள் விதிப்புத்தகத்தை எடுத்தேன். ஒரு பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு தசமதானம் வரைக்கும் நிறுத்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் சந்தையில் பொன் நிறுப்பவர்கூட இவ்வளவு பார்ப்பது அருமை. மட்டையின் நீளத்துக்கு அளவு உண்டு, குழியின் அகலத்துக்கு அளவு உண்டு. பைக்கு எத்தனை கிலோ? அதற்கு ஒரு வரிகூட இல்லை. பை தூக்குபவரையே போட்டியில் தடைசெய்ய ஏற்பாட்டுக் குழுக்களுக்கு மாதிரி விதி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தோளைத் தடைசெய்யலாம், பாரத்தைத் தடைசெய்ய வழியில்லை.

பதினாலு மட்டை என்ற கணக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அமெரிக்கர் 1938இலும் நீங்கள் அடுத்த வருடமும் அந்த வரம்பைக் கொண்டுவந்தீர்கள். அதற்கு முன்னே லோசன் லிட்டில் என்ற சம்பியன் முப்பத்தொரு மட்டை வரைக்கும் பையில் போட்டுத் திரிந்திருக்கிறார். ஆக, பாதிக்கு மேல் குறைத்த புண்ணியம் உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் விதி சொல்வது பதினாலுக்கு மேல் கூடாது என்றுதான். பதினாலும் வேண்டும் என்று எங்கும் இல்லை. 1916இல் சிக் எவன்ஸ் என்பவர் வெறும் ஏழே மட்டையோடு அமெரிக்க ஓப்பனை வென்றார். அவர் எடுத்த 286 அடியை இருபது வருடம் ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை. இன்று சீனக்குடாவில் பந்தைத் தேடிப் பற்றைக்குள் நுழையும் கனவான்கள் அவரை விட இரண்டு மடங்கு மட்டையோடு நுழைகிறார்கள். அனுமதி இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை நிரப்பி வைப்பது எங்கள் நாட்டு அலுவலகங்களின் வழக்கம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

பாரம் கூடினால் யாருக்குத் தண்டனை என்பதற்கும் உங்கள் வரலாற்றில் பதில் இருக்கிறது. 2001இல் றோயல் லிதமில் நடந்த உங்கள் ஓப்பனில், கடைசி நாள், இயன் வூஸ்னம் முதல் குழியில் அருமையாக அடித்து முன்னுக்கு வந்தார். இரண்டாவது குழியில் பார்த்தால் பையில் பதினைந்து மட்டை. இரண்டு அடி அபராதம். விதிப்படி அபராதம் ஆட்டக்காரருக்குத்தான். உலகம் முழுக்கப் பழி விழுந்தது என்னவோ பை தூக்கியவர் மேல். மட்டையைப் பையில் போட்டது எத்தனை பேரோ, எண்ணாமல் விட்டது அந்த ஒருவராம்.

பொக்கட்டுகள் விடயத்திலும் எங்கள் ஊருக்கு அனுபவம் உண்டு. நீங்கள் சீனக்குடாவுக்கு விளையாட வந்தால் காட்டுக்குள்ளே வட்ட வட்டமாக எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். ஆங்கிலேயர் காலத்துச் சொத்து. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் குண்டு போட வந்தபோது ஒன்று எரிந்துபோனது. இன்று மிஞ்சியிருப்பது தொண்ணூற்றொன்பது. 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனி வந்து கீழ்த்தொகுதியில் சிலதைத் திறந்தது. மற்றவற்றைக் காடு மூடியது. 2022 தையில் உடன்படிக்கை எழுதி, இந்தியக் கம்பனிக்கு 14, எங்கள் நாட்டுக்கு 24, இருவரும் சேர்ந்து 61 என்று பங்கிட்டார்கள். பொக்கட் அதிகமுள்ள பையை யார் தூக்குவது என்று முடிவாகமுன் யாருக்கு எந்தப் பொக்கட் என்று பேசி முடிப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள். ஆகவே பதினாலு அறை, பதினொரு பொக்கட் என்று கடைக்காரர் சொல்லும்போது எனக்கு மயக்கம் வருவதில்லை.

குளிர்பானத்துக்கென்று ஒரு பொக்கட் வைக்கிறார்கள், அது மட்டும் நல்ல யோசனை. உள்ளே வெள்ளித்தாள் போட்டுத் தைத்தது. ஆனால் அடியில் ஒரு துளை வேண்டும். துளை இல்லாவிட்டால் போத்தல் வியர்த்த தண்ணீர் தேங்கிப் பக்கத்துப் பொக்கட்டில் இருக்கும் பணப்பைக்குள் இறங்கும். துளை நானே போட்டுக்கொடுப்பேன், ஐம்பது ரூபா.

கனவானிடம் நான் ஒன்றும் மறைக்கவில்லை. வெயிலுக்கு இரண்டரைக் கிலோவுக்குள் நிற்கும் காலுள்ள பை போதும், இரண்டு தோளுக்கும் பட்டி, இடுப்பில் படும் இடத்தில் காற்றுப் போகும் வலை, வெளிர் நிறம், நைலோன் நூலை விட வெயிலைத் தாங்கும் பொலியெஸ்டர் நூல் என்றேன். "அது சின்னப் பிள்ளைகளின் பை மாதிரி இருக்கும்" என்றார். சரிதான். பெரியவர்கள் பை தூக்குவதில்லை.

(கோட்டைப் பக்கம் பையைத் தனியே வைத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெட்ரிக் கோட்டையிலிருந்து நகருக்குள் உலவும் மான்கள் சரையைக்கூட விடுவதில்லை. உப்பூறிய பட்டி அவற்றுக்கு நல்ல பதார்த்தம். இதற்கும் விதியில் பரிகாரம் எழுதலாம்.)

ஆகவே தாழ்மையுடன் கேட்பது இதுதான். அடுத்த பதிப்பில், பந்தின் எடையை எழுதியிருக்கும் அதே பக்கத்தில், பையின் எடையையும் எழுதுங்கள். எத்தனை கிலோ என்று நான் சொல்லமாட்டேன். சொல்லும் தகுதி உங்கள் குழுவுக்கும் இல்லை. அதற்கு ஒரு சோதனை வையுங்கள்: விதி எழுதும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஆனி மாதத்தில் சீனக்குடா வந்து, தத்தம் பையைத் தாமே பதினெட்டுக் குழிக்கும் தூக்கி நடக்க வேண்டும். ஒன்பதாவது குழியில் பையில் என்ன மிச்சமிருக்கிறதோ அதை நிறுப்போம். தராசு என்னிடம் இருக்கிறது. முன்கூட்டிக் கடிதம் போட்டால் தேசிக்காய்த் தண்ணிக்கும் சொல்லிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பை தைப்பவன்.

இணைப்பு: ஒன்றுமில்லை. பாரம் கருதித் தவிர்க்கப்பட்டது.
பிரதி: பை தூக்குபவருக்கு, சட்டைப் பொக்கட்டில் வைத்துக்கொள்ள.