மதராஸி எலி

சிவகிரி வயக்காட்டு எலிக்கு ஒரு குறையும் கிடையாது. மலையடிவாரத்து நெல்லைக் கதிர் கதிராக வளைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜமீனுக்கும் சர்க்காருக்கும் சல்லிக்காசு தீர்வை கட்டாமல் காலந்தள்ளியது. அதன் பங்காளி ஒருவன் மட்டும் 1920-களில் குன்னூர்க் குளிரில், கூண்டுக்குள் உட்கார்ந்து மதராஸ் மாகாணத்தின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

கதை ராபர்ட்ஸ் துரையிலிருந்து தொடங்குகிறது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்தவர். நம் ஆட்களைப் பார்த்தவர், 'இவர்கள் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கத்தி ஆளைக் கொண்டுவா' என்ற முடிவுக்கு வந்தார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அதையே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சாஸ்திரம் ஆக்கினார். சீக்கியனும் பட்டாணியனும் கூர்க்காவும் வீரப் பரம்பரை. நாம் ரசப் பரம்பரை.

அப்புறம் வந்தார் ராபர்ட் மெக்காரிசன். ராணுவ டாக்டர், அயர்லாந்துக்காரர். கில்கிட்டில் இருந்தபோது, கழுத்துக் கழலை எதனால் வருகிறது என்று பார்க்க, அழுக்குத் தண்ணீரை வடிகட்டி அந்தக் கசடைத் தானே விழுங்கி, தன் கழுத்தையே வீங்க வைத்துக்கொண்ட மனுஷர். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஓர் அறை கிடைத்ததும், விழுங்குகிற வேலையை வேறு ஜீவன்களிடம் ஒப்படைத்தார். அதை அறிவியல் வளர்ச்சி என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே வம்சத்து எலிகளை வயதும் எடையும் பார்த்து 7 கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி. மற்றவற்றுக்குப் பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று பந்தி. கடைசி இலை மதராஸிக்கு: தீட்டிய அரிசி, அதையும் அலசி அலசிச் சத்தைச் சாக்கடைக்கு அனுப்பிய சோறு, பால் பேருக்கு.

முடிவில் எடை போட்டார்கள். சீக்கிய எலி சுமார் 235 கிராம். மதராஸி எலி சுமார் 155. வங்காளிக்கும் கீழே நாம்.

சிரித்து முடித்தவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்லா எலியும் ஒரே தாத்தா பேரன்கள். எதற்கும் வாள் கிடையாது, குலப்பெருமை கிடையாது. ராபர்ட்ஸ் துரை இரத்தத்தில் தேடியதை எலி தட்டில் காட்டிவிட்டது. அதற்காகப் பழி முழுவதும் அரிசி மேல் இல்லை. பச்சரிசியைத் தீட்டித் தின்ற வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நோய் படுத்தியெடுத்தது. நெல்லை அவித்துக் குத்தும் ஊர்களில் அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அந்தச் சூத்திரம் நம் கிழவிகளுக்கு எந்த எலியும் சொல்லிக்கொடுத்ததில்லை.

டாக்டர் அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டையும் ஒரு கூட்டத்துக்குப் போட்டார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை டீ, வெந்து நைந்த காய், டப்பா இறைச்சி, ஜாம். எலிகள் குட்டையாகின, சிடுசிடுத்தன, தீனி போட வந்தவர் கையைக் கடித்தன. 60-ஆம் நாள் வாக்கில் தங்களுக்குள் நோஞ்சானைக் கொன்று தின்னவே தொடங்கிவிட்டன. மதராஸி எலி இளைத்ததே தவிர, பக்கத்து இலைக்காரனைத் தின்றதாகத் தகவல் இல்லை. இதையெல்லாம் 1936-இல் லண்டனிலேயே போய்ச் சொற்பொழிவாகச் சொன்னார் மெக்காரிசன். நல்லவேளையாக, 'சர்' பட்டத்தை 1933-லேயே வாங்கி வைத்திருந்தார்.

அவருடைய குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. வெள்ளை மாவு மட்டும் எங்கள் பக்கம் குடியேறிவிட்டது. குற்றாலத்தில் குளித்த ஈரத்தோடு செங்கோட்டைப் பக்கம் புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம், சால்னா வர 10 நிமிஷம் ஆகும் என்று சொல்லிப் பாருங்கள். 60 நாளெல்லாம் தேவைப்படாது.