லிவர்பூல் கனவான்களுக்கு ஒரு பாராட்டுரை

வடக்கு வேல்ஸில், பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில், காப்பெல் கெலின் என்று ஒரு விவசாயக் கிராமம் இருந்தது. ஒரு ஜெபக்கூடம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், சுற்றிலும் பண்ணை வீடுகள். ஆட்டை விரட்டுவதும் ஆண்டவனைத் தொழுவதும் வெல்ஷ் மொழியில்தான். இப்படிச் சும்மா கிடந்த பள்ளத்தாக்குக்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்த லிவர்பூல் மாநகராட்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தங்கள் ஊர்க் குழாய்களுக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் வேண்டுமென்று ஊரையே ஏரியாக்கிவிட்டார்கள்.

முன் அனுபவமும் அவர்களுக்கு உண்டு. 1880-களிலேயே லன்வுதின் என்ற இன்னொரு வேல்ஸ் கிராமத்தை முழுகடித்துப் பழகிய கை.

எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. வேல்ஸில் உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டால் மறுத்துவிடுவார்களே! அதனால் நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்கே ஒரு தனி மசோதாவைக் கொண்டுபோனார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. அதனால் என்ன, 1957-இல் அது சட்டமாகிவிட்டது. வேல்ஸ் விவகாரங்களைக் கவனிப்பதற்கென்றே ஹென்றி புரூக் என்று ஓர் அமைச்சர் இருந்தார். கவனித்தார், மசோதாவின் பக்கம் நின்று.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், ஊர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். எங்கள் வீடுகளை முழுகடிக்காதீர்கள் என்று பதாகையில் எழுதிக்கொண்டு! பட்டிக்காட்டுப் பிழைதான். யார் தாகத்தில் இருக்கிறார்களோ அவர்களிடமே போய்த் தண்ணீர் குடிக்காதே என்றால் நடக்குமா?

செத்தவர்களையும் கனவான்கள் மறந்துவிடவில்லை. ஜெபக்கூடத்துக் கல்லறைத் தோட்டத்திலிருந்து எட்டுப் பேரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. மற்றவர்களை அங்கேயே விட்டு, கல்லறைக் கற்களைப் பெயர்த்துவிட்டு, மேலே கான்கிரீட் போட்டார்கள். குடிதண்ணீர் ஆயிற்றே, சுத்தம் முக்கியமல்லவா?

பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேருக்கு வீடு போயிற்று. சுமார் 800 ஏக்கர் தண்ணீருக்குள் போயிற்று. 1965 அக்டோபரில் அணைக்குத் திறப்பு விழா. எதிர்ப்பாளர்கள் ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்துவிட்டதால் கனவான்களின் சொற்பொழிவைக் கேட்கும் பாக்கியம் யாருக்கும் கிட்டவில்லை. மூன்றே நிமிடத்தில் விழாவை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஓர் ஊரின் சாவுக்கு அவர்களிடம் ஒதுக்க இருந்த நேரமும் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அணைக்குக் கீழே ரப்பர் படகு சவாரி நடக்கிறது. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் நுரை தெறிக்க, கூச்சலும் சிரிப்புமாகச் சறுக்கிப் போகலாம். ஹெல்மெட் கட்டாயம்.

அப்புறம் 2005-இல், 40 வருஷம் கழித்து, லிவர்பூல் மாநகராட்சிக்கு மனசாட்சி விழித்தது. அந்தக் காலத்துக் கவுன்சில் ஏதேனும் மனம் நோக நடந்திருந்தால் மன்னியுங்கள் என்றது. வேல்ஸோடு பழைய வரலாற்று உறவும் விளையாட்டு உறவும் மறுபடி மலர வேண்டுமாம். விளையாட்டு உறவு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இங்கே ஆட்டைத் தின்று ஏப்பம் விட்ட பிறகல்லவா அழுகை வந்தது?

பண்ணைகள் திரும்பி வரவில்லை. அந்த அணைத் தண்ணீர் இன்றும் டீ ஆற்றில் இறங்கி இங்கிலாந்துப் பக்கம் போகிறது. கொள்ளையைக் கொள்ளை என்று சொல்ல வாய் வராத மன்னிப்பை ஏற்க வேண்டிய கடமை வேல்ஸில் ஒருவருக்கும் இல்லை.