கூண்டும் காவலும்

கேள்வி: ஓட்டு வீட்டுப் புழக்கடையில் வளர்த்த நாட்டுக் கோழிகளில் மூன்று ஒரே இரவில் செத்துக் கிடந்தன, ஒன்றைத்தான் தின்றிருந்தது. கீரியின் வேலை என்கிறார்கள். மெய்தானா?
– ஒரு குடும்பத் தலைவி, மந்தைவெளி

பதில்: கீரி பகலில் இரை தேடிப் பொழுது சாய்ந்ததும் வளையில் அடங்கிவிடும் பிராணியாதலால், நள்ளிரவுக் குற்றத்திலிருந்து அதைத் தாராளமாக விடுதலை செய்துவிடலாம். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையிலுள்ள இருட்டையும், தென்னங்கொண்டையையும் வாசஸ்தலமாகக் கொண்டு, பப்பாளியும் சப்போட்டாவும் பிரதான ஆகாரமாகவும், அகப்பட்டால் எலியும் முட்டையும் கோழியும் உபரியாகவும் உண்டு ஜீவிக்கிற மரநாயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மதில்மேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் தென்பட்டால் சந்தேகம் ஊர்ஜிதமாகும். கூண்டின் ஓரத்தில் மண் தள்ளிய வளை தெரிந்தால் பெருச்சாளியென்று கொள்க. குஞ்சும் முட்டையும் அதற்கு மிகவும் பிரியம்.

தின்னாமலே கொன்றது ஏன் என்கிறீர்களா? இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைபட்ட இடத்தில் அவை மிரண்டு படபடக்கும்வரை, வேட்டைப் பிராணியின் சுபாவம் ஓய்வதில்லை. திறந்த மரக்கிளையில் அடைந்திருந்தால் ஒன்று பிடிபட, மற்றவை சிதறியேனும் தப்பியிருக்கும். கோழி தப்பும் வழியை அடைத்தவர்கள் நாம். ஆகவே திருடன் நுழையும் வழியை அடைக்கும் கடமையும் நம்முடையதே.

கேள்வி: இவ்வளவு பெரிய பட்டணத்தின் நடுவே காட்டுப் பிராணிகள் எங்கிருந்து வந்தன?
– ஒரு மாணவர், அடையாறு

பதில்: மரநாய் வரவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றங்கரைக்குக் குடிவந்து பாதுகாத்துவரும் சோலையும், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டிக் காடும் அதற்கு எஞ்சியிருக்கும் பூர்விகச் சொத்துக்கள். மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை நாம் எழுப்பியது 1920களில்தான் என்பதை நினைத்தால், யார் புதுக்குடித்தனம் என்பது விளங்கும். பெருச்சாளியின் கதை வேறு: குப்பைத்தொட்டியும் சாக்கடையும் வைத்து நாமே அதை உபசரிக்கிறோம்.

கேள்வி: மாடியில் புறாக்களும் நான்கு கோழிகளும் வைத்திருக்கிறேன். கம்பிவலை அடித்தும் பயனில்லை. என்ன செய்வது?
– ஒரு கடைக்காரர், தியாகராய நகர்

பதில்: நீங்கள் அடித்தது அறுகோணக் கண்கள் உள்ள மெல்லிய கோழிவலையாக இருக்கலாம். அது கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. அரை அங்குலத்துக்கு மேற்படாத சதுரக் கண்கள் உள்ள, பற்றவைத்த இரும்பு வலையைக் கூண்டின் நாற்புறத்திலும், மேலும், கீழும் அடியுங்கள். மண்தரையில் கூண்டு வைத்திருப்பவர்கள் அவ்வலையை ஓர் அடி ஆழம் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடக்கிவிட்டால், தோண்டி வருகிற பெருச்சாளி வலையில் முட்டித் திரும்பும். மரநாயின் முன்னங்கால்கள் சாமர்த்தியமானவை. வெறும் கொக்கியை நம்பாமல் தாழ்ப்பாளும் பூட்டும் போடுங்கள். மாடியைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தென்னையின் தண்டில் வழவழப்பான தகரப் பட்டை சுற்றுங்கள். மிச்சத் தீனியை இரவில் விட்டுவைக்காதீர்கள். இவை யாவற்றுக்கும் மேலாக, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள். எத்தனை உறுதியான கூண்டும் திறந்திருந்தால் வெறும் பந்தல்தான்.

கேள்வி: விஷம் வைத்து ஒரேயடியாக ஒழித்துவிட்டால் என்ன?
– பொறுமை இழந்தவர், ஆழ்வார்பேட்டை

பதில்: கூடவே கூடாது. முதலாவது, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரநாயைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். கூண்டில் பிடித்து வேறிடத்தில் விடுவதும் உங்கள் அதிகாரத்தில் இல்லை, வனத்துறைக்கே உரியது. இரண்டாவது, இரத்தம் உறையாமற் செய்யும் எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைத் தூக்கிச் செல்லும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேருகிறது. கோபுரப் பொந்துகளில் அடைந்து, சம்பளமில்லாமல் இரவெல்லாம் எலி பிடிக்கும் காவலாளியைக் கொன்றுவிட்டு, பிறகு எலி பெருகிவிட்டதென்று யாரிடம் முறையிடுவது? மூன்றாவது, அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் மசோதா கொண்டுவந்து மன்றாடியதன் பயனாகவே 1960இல் மிருகவதைத் தடைச் சட்டம் பிறந்தது. அவர் வாழ்ந்த ஊரில் வாயற்ற ஜீவனைத் துடிதுடிக்கக் கொல்வது நமக்குப் பெருமையாகாது.

கேள்வி: மாட்டுக் கொட்டிலுக்கு இந்தச் சிறு பிராணிகளால் ஆபத்து உண்டா?
– பால்காரர், மயிலாப்பூர்

பதில்: கன்றைக் கொல்லும் வல்லமை அவற்றுக்கு இல்லை. ஆனால் பெருச்சாளியும் எலியும் தவிட்டிலும் புண்ணாக்கிலும் தண்ணீரிலும் மூத்திரம் விட்டால், அதன் வழியே எலிக்காய்ச்சல் மாட்டுக்கும் வரும், கறக்கும் மனிதருக்கும் வரும். மழைநீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகையில் அபாயம் அதிகம். தீவனத்தை மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள்; தரைப் பொந்துகளைச் சிமிட்டியால் அடையுங்கள்; கால் புண்ணோடு தேங்கிய நீரில் நிற்காதீர்கள்.

கேள்வி: கோழிக்குக் காவலாக நாய் வளர்க்கலாமா?
– சிக்கனக்காரர், மந்தைவெளி

பதில்: குட்டியிலிருந்தே கோழிகளோடு பழக்கிய நாயானால் வளர்க்கலாம், பழக்காத நாயானால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். எதுவானாலும், அந்தியில் உங்கள் கை முதலில் தாழ்ப்பாளுக்குப் போகட்டும். நாயின் உத்தியோகம் அதற்குப் பிறகு தொடங்கட்டும்.