தோட்ட விலாங்கின் பசியாறல்: தெப்ராவ் வரவேற்பறையை முன்வைத்து ஓர் ஆய்வு

விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பது முன்னோர் வாக்கு. அவர்கள் தோட்ட விலாங்கைப் பார்த்ததில்லை என்பதற்கு இதுவே சான்று. இது வாலை எவருக்கும் காட்டாது. மணலில் பொந்து தோண்டி, உடம்பில் சுரக்கும் கோழையால் அதன் சுவரைப் பூசி, மேல்பாதியை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். இதில் ஓர் இனத்துக்கு 1959-இல் ஆஸ்திரிய முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸின் பெயரைச் சூட்டினார்கள். வளர்ந்தால் 40 சென்டிமீட்டர். முழத்துக்குச் சற்றே குறைவு.

இதற்குப் பசியாறக் கொடுப்பது எப்படி? ‘பசிச்சா தானா வந்து சாப்பிடும்’ என்பது பாட்டிமார் கட்சி. பூனை விஷயத்தில் சரி. தோட்ட விலாங்கோ இரை ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் பொந்தை விட்டு வராது. ஆகவே நமது கருதுகோள்: விலாங்குக்கு ஊட்ட முடியாது, நீரோட்டத்துக்குத்தான் ஊட்ட முடியும். ஓட்டத்தின் அருமையைத் தெப்ராவ்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1924-இல் திறந்த ஜோகூர் கடற்பாலம் தெப்ராவ் நீரிணையைக் குறுக்கே மறித்து நிற்பதை நாளும் பார்க்கிறவர்கள் நாம்.

செய்முறை: குளிர்பெட்டியில் சம்பாலுக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் மைசிஸ் இறால் கட்டியை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் கரைக்கவும். அல்லது முந்தின நாளே உப்புநீரில் ஆர்ட்டீமியா என்னும் நுண் இறாலின் முட்டை போட்டுக் காற்றுக்குழாய் விட்டால், ஏறக்குறைய ஒரு நாளில் செம்மஞ்சள் குஞ்சுகள் பொரியும். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, அலை பம்பின் வாயருகே மெல்லப் பீய்ச்ச வேண்டும். துணுக்கு முகத்துக்கு நேரே மிதந்து வரும். கண் உருளும், கழுத்து வளையும், ஒரே கொத்து. மறுகணம் பழைய நிமிர்வு. நாளுக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. தலைவாழை விருந்து இங்கே செல்லாது. மிச்சம் அழுகித் தண்ணீர் கெடும். வீட்டில் மாமனாருக்கே இரண்டு வேளைத் தேநீர்தான் என்பது இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

பெரும் இடையூறு உறவினர். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஒருவர் ‘என்னண்ணே, பாம்பா?’ என்று கண்ணாடியைத் தட்டினால் போதும், அத்தனையும் மணலுக்குள். அவர் முறுக்கைத் தின்று முடிக்கும்வரை இவை பட்டினி. அதற்காக ஆளையே அண்டவிடாமல் இருப்பதும் ஆகாது. தோக்கியோவின் சுமிடா மீன்காட்சியகம் கோவிட்டால் மூடியிருந்தபோது, அங்கிருந்த சுமார் 300 தோட்ட விலாங்குகள் மனிதரை மறந்து, பராமரிப்பவரைக் கண்டாலே ஒளிந்தன. 2020 மே 3 முதல் 5 வரை பொதுமக்கள் காணொளி அழைப்பில் அவற்றுக்கு முகம் காட்டினார்கள். எனவே உறவினர் வரட்டும். நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

வளர்க்க விரும்புவோர் மீனுக்கு முன்பு மணலை வாங்குங்கள். அரை முழ ஆழமாவது வேண்டும். தொட்டிக்கு மூடியும் போடுங்கள். இரைக்காகப் பொந்தை விட்டு வராவிட்டாலும், இது துள்ளி வெளியே விழக்கூடிய மீன்.