பாட்டு தெற்கே, சாம்பல் வடக்கே

மார்கழி பிறந்தால் சென்னைக்குப் பண்பாடு வந்துவிடும். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர் வட்டாரத்தில் காலை எட்டு மணிக்கே சுருதி சேர்க்க உட்கார்ந்துவிடுவார்கள். எந்த சபாவில் யார் பாடுகிறார், எந்த கேன்டீனில் கீரை வடை தேவலை என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். விமானத்தில் ரசிகர்கள் வந்து இறங்குவார்கள். சென்னையே இசையில் நனைகிறது என்று தலைப்புப் போடுவார்கள். அந்தச் சென்னைக்கு வடக்கு எல்லை சென்ட்ரல் ஸ்டேஷன். அதைத் தாண்டினால் கலைப் பக்கம் முடிந்து குற்றச் செய்திப் பக்கம் ஆரம்பமாகிவிடும்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அந்த மேடைகளில் பேகடையிலும் கல்யாணியிலும் ஆரபியிலும் சாவேரியிலும் சுத்த சாவேரியிலும் உருகி உருகிப் பாடுகிறார்களே, அந்த ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூரில் பிறந்தவை. 1830-களின் இறுதியில் தியாகராஜர் சென்னப்பட்டணம் வந்தபோது எங்கள் ஊர் அம்மன்மேல் பாடியவை. பெயரே திருவொற்றியூர் பஞ்சரத்தினம். பாட்டில் அவள் திரிபுரசுந்தரி, எங்களுக்கு வடிவுடையம்மன். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வரிசையில் நிற்கிறவருக்கும், பௌர்ணமிக்குக் கைக்குழந்தையோடு வருகிறவளுக்கும் அவள்தான் தாய். பஞ்சரத்தினத்துக்குக் கண்ணை மூடித் தலையாட்டும் ரசிகரிடம் திருவொற்றியூருக்கு எந்த பஸ் என்று கேட்டுப் பாருங்கள். “அது ஆந்திரா போற வழியில இல்ல இருக்கு?” என்பார்.

மணலியைச் சொன்னால் நம்பவே மாட்டார். ராமசாமி தீட்சிதரை அழைத்து ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். அவர் மகன் முத்துசாமி தீட்சிதர் இளமையைக் கழித்தது அந்த மணலியில். கோட்டையில் வெள்ளைக்காரன் பாண்டு வாசித்ததை அவர் கேட்டதும், நோட்டு ஸ்வரங்கள் உருவானதும் அந்தத் தொடர்பால்தான். மும்மூர்த்திகளில் ஒருவர் வளர்ந்த ஊரில் இன்றைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலை, முடிவே தெரியாத டேங்கர் லாரி வரிசை. தீட்சிதருக்கு எட்டயபுரத்தில் நினைவிடம் இருக்கிறது. மணலியில் நினைவிடம் எதற்கு? அணையா விளக்கே எரிகிறது, புகைபோக்கியின் உச்சியில்.

ஒரு காலத்தில் கச்சேரி என்றாலே ஜார்ஜ் டவுன்தான். காசு வைத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். காசு தெற்கே போய் வீடு கட்டிக்கொண்டது. தம்புராவும் அதன் பின்னாலேயே போனது. போனதில் தப்பில்லை. போனவர்கள் எங்களை மறக்காமல் இன்றுவரை அனுப்பிக்கொண்டிருக்கும் சீர்வரிசைதான் தாங்கவில்லை. குப்பை கொடுங்கையூருக்கு. நிலக்கரிச் சாம்பல் எண்ணூர் கழிமுகத்துக்கு. அவர்கள் மேடை விளக்குக்கு மின்சாரம் வேண்டும். அதற்கான சாம்பலைச் சுவாசிக்க நாங்கள் வேண்டும்.

எங்களுக்கு டிசம்பர் சீசனே இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 2023-ல் எங்களுக்கு நடந்த விழாவை எந்த சபாவும் நினைத்துப் பார்த்திருக்காது. அனுமதி இலவசம், வெளியே போகத்தான் வழியில்லை. டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்தது. மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கருப்புக் கோடு. வலையில் கருப்பு, படகில் கருப்பு, கூழைக்கடாவின் இறக்கையில் கருப்பு. எங்கள் குழாயில் கசிவே கிடையாது என்று மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சிபிசிஎல் முதலில் நீண்ட ஆலாபனை செய்தது. பசுமைத் தீர்ப்பாயம் கேள்வி கேட்கக் கேட்கத்தான் சுருதி இறங்கியது. அதுவரை எண்ணெயை அள்ளியது யார்? மீனவர்கள். மக்கில் மொண்டு, பக்கெட்டில் ஊற்றி, முழங்கைவரை தார் அப்பிக்கொண்டு. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் கரையில் எண்ணெயை அள்ளியது இதே பக்கெட்தான். இடைப்பட்ட ஏறக்குறைய ஏழு வருஷத்தில் இந்தியா நிலாவில் போய் இறங்கிவிட்டது. எண்ணூருக்கு முதலில் வந்து சேர்ந்த கருவி மறுபடியும் பக்கெட்.

கலைஞர்களுக்குப் பொன்னாடை உண்டு. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், சேதமான படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆறு செத்ததற்கு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாகவா இருக்கும்?

பிரதான கச்சேரி டிசம்பர் 26 நள்ளிரவு. தெற்கே அன்றைய துக்கடாக்கள் முடிந்து ரசிகர்கள் வீடு போய்ச் சேர்ந்து படுத்திருப்பார்கள். பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியகுப்பமும் சின்னகுப்பமும் பர்மா நகரும் இருட்டில் ஓடின. எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று சொல்ல ஆளில்லை. மறுநாள் கலைப் பக்கத்தில் யாருடைய தோடி சோபித்தது என்ற விமர்சனம் வழக்கம்போல் வந்தது. ஆலையை மூடு என்று சனங்கள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மறு வருஷம் ஆலை திறக்க அனுமதி கிடைத்தது. எங்கள் ஊரில் மங்களம் பாடுவது எப்போதும் ஆலைதான்.

இணையம் வந்ததும் எல்லாம் மாறும் என்றார்கள். 2020-ல் கொரோனா வந்து அரங்குகள் மூடியபோது சபாக்கள் கூடி ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்று இணைய விழாவே நடத்தின. சிட்னியில் கேட்டார்கள், நியூஜெர்சியில் கேட்டார்கள். தூரமே ஒழிந்தது என்று ஊர் பூரித்தது. அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் சென்னையில் தொற்று உச்சத்தில் இருந்த மண்டலம் ராயபுரம். தெருமுனையில் தகரம் அடித்து எங்களை அடைத்தார்கள். ஒற்றை அறை, ஆறு பேர், ஒரு போன். அந்த போனில்தான் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் ஆன்லைன் கிளாஸ். டேட்டா மிஞ்சினால் உலகத் தமிழர் பண்பாட்டையும் பார்த்துக்கொள்ளலாம். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடிப் பிழைத்தவனுக்கு அந்த வருஷம் சாவு பெருகியும் வேலையில்லை. இருபது பேருக்குமேல் கூடக் கூடாது. அவன் வீட்டு அரிசிக்கு எவரும் லிங்க் அனுப்பவில்லை.

அந்த டிசம்பரில்தான் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. கானா பாடும் இசைவாணியை பிபிசி அந்த ஆண்டின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. லண்டனுக்குக் கேட்ட குரல் லஸ் கார்னருக்குக் கேட்க இன்னும் எத்தனை மார்கழி ஆகுமோ.

நாங்கள் ரசிகர்களாக வேண்டாம். காட்சிப்பொருளாக மட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காசிமேட்டுக்கு வாருங்கள். ஏலக் கூச்சலுக்கு நடுவே கேமராக் கூட்டம் ஒன்று முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும். மீன் வெட்டும் அம்மாவிடம் ஒரு தம்பி, “அக்கா, அந்தத் தண்ணிய இன்னொரு தடவ தெளிங்களேன், லைட் சூப்பரா விழுது” என்பான். அவள் கத்தியை நிறுத்தாமல், “இன்னாபா, மீனு வாங்குறியா? வாங்கலேன்னா அப்பால போ, யாவாரம் கெடுது” என்பாள். அந்த வசவையும் பதிவு செய்து, பின்னணியில் பறையிசை சேர்த்து, ‘அசல் வடசென்னை’ என்று போட்டுவிடுவான். லைக் குவியும். சினிமாக்காரருக்கோ எங்கள் தெருவில் கத்தி இருந்தால் போதும். நூலகம் இருப்பது அவர் லென்ஸில் விழாது. கரையோரக் குடிசைகளைப் பிய்த்தெடுத்து, அங்கே இருந்தவர்களை ஊர் ஓரத்துக் கண்ணகி நகருக்கு ஏற்றி அனுப்பி, 2020-ல் அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியம் தீட்டி ‘கலை வட்டாரம்’ என்று பெயர் சூட்டிய நகரம் இது. நல்ல ஓவியங்கள்தான். பெயின்ட் நகரத்துக்குள் இருந்த வீட்டுக்கு அடித்திருக்கலாம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ 2017 பொங்கலுக்கு வந்தது. கர்நாடக சங்கீதக்காரர் ஒருவர் எண்ணூர்ச் சாம்பலுக்கு நடுவே நின்று, எங்கள் பேச்சுத் தமிழில் பாடினார். அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அதைக் கேட்டு உச்சுக் கொட்டியவர்கள் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டே வாரத்தில் கப்பல் எண்ணெய் கரையில் ஒதுங்கியது.

திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் அதை நடத்துகிறோம். கழிமுகத்தை மீட்போம், சாம்பலை அள்ளுவோம் என்று வாக்குக் கொடுத்த அமைச்சர்களையும் வாரியத் தலைவர்களையும் அந்த மரத்தடிக்கு ஒரு தரம் அழைத்து வர ஆசை. ஊருக்கு நாலு கண் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அரசு எங்களுக்காகவே மனமுவந்து நடத்தும் மேடை நிகழ்ச்சி ஒன்று உண்டு: மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பந்தல், மைக், பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிக்கு ஒரு போலீஸ். எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 1970 முதல் புகைவிட்டு 2017-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 660 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டலாமா என்று 2024 டிசம்பரில், அதே சீசனில், எர்ணாவூரில் எங்களைக் கேட்டார்கள். வேண்டாம், மூச்சு விட முடியவில்லை என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொன்னார்கள். மேடையில் இருந்தவர்கள் அவ்வளவு பொறுமையாகக் கேட்டார்கள். நல்ல ரசிகர்கள், கடைசிவரை எழுந்து போகவில்லை, மனமும் மாறவில்லை.

ரசிகப் பெருமக்களே, தூரம் என்று இனி சாக்குச் சொல்ல முடியாது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது; மறு வருஷம் திருவொற்றியூர் தேரடி நிலையமும் திறந்தாயிற்று. தேனாம்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் தேரடியில் இறங்கலாம். கோயிலைப் பாருங்கள், சந்தோஷம். ஆனால் உங்களை நான் கூப்பிடுவது அதற்கல்ல. அடுத்த கருத்துக் கேட்புக்குத் தேதி குறித்தால் பேப்பரில் விளம்பரம் வரும். அன்றைக்கு வாருங்கள், டிக்கெட் கிடையாது. மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசுங்கள். நாங்கள் பேசினால் அதிகாரிகள் கேட்டுக்கொள்கிறார்கள்; நீங்கள் பேசினால் எழுதிக்கொள்வார்கள்.